யு.பி.எஸ் பைபாஸில் நிற்பது யாருக்குத் தெரியும்?

கேள்வி இது: பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் கிளைகள். பாளையங்கோட்டையில் 10 கே.வி.ஏ ஆன்லைன் யு.பி.எஸ், மூன்று ஃபேஸ் உள்ளே, ஒரு ஃபேஸ் வெளியே. கிளைகளில் 3 கே.வி.ஏ, சிங்கிள் ஃபேஸ். "மூணையும் செல்லுலயே பாக்கலாம், கோளாறுன்னா செல்லுலேருந்தே பைபாஸுக்கு மாத்திரலாம்" என்று சர்வீஸ்காரர் சொல்லி (பைபாஸ் என்றால் யு.பி.எஸ்ஸைத் தாண்டி ஈ.பி. கரண்டை நேராக மெஷினுக்கு விடுவது), நெட்வொர்க் கார்டுக்கும் வெளி பைபாஸ் பெட்டிக்கும் சேர்த்து ஒரு விலை கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பார்ப்பதற்கு வாங்குங்கள் அண்ணாச்சி. செல்லிலிருந்து மாற்றுவதற்கென்று ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். பைபாஸ் பெட்டி பாளையங்கோட்டைக்குத் தேவைதான், ஆனால் அவர் விலை கொடுத்திருக்கும் வகை உங்கள் இடத்துக்குச் சரிப்படாது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் யு.பி.எஸ்ஸில் ஈ.பி. கரண்ட் நேராக உங்கள் மெஷினுக்குப் போவதில்லை. உள்ளே நுழைந்ததும் ரெக்டிஃபையர் அதை டி.சி.யாக்குகிறது. பேட்டரி அந்த டி.சி.யோடுதான் இணைந்திருக்கிறது. அங்கிருந்து இன்வெர்ட்டர் புதிதாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. செய்து கொடுக்கிறது. (வீட்டில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது யு.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் ஒரு பகுதி.) ஈ.பி. போனாலும் வந்தாலும் மெஷினுக்குத் தெரியாது, ஏனென்றால் அது எப்போதும் இன்வெர்ட்டர் கரண்டில்தான் ஓடுகிறது.

இந்த இன்வெர்ட்டருக்கே ஏதாவது வந்துவிட்டால்? அதற்காக அதே பெட்டிக்குள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். முதுகுக்கு முதுகாக இணைத்த இரண்டு தைரிஸ்டர்கள் (அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்சுகள்), சிறிய மாடல்களில் வெறும் ரிலே. அதுதான் ஸ்டாட்டிக் பைபாஸ். இன்வெர்ட்டர் தன் அலையை ஈ.பி. அலையோடு அடி பிசகாமல் ஒத்துப்போகும்படி வைத்துக்கொண்டே இருக்கும். ஓவர்லோடு, சூடு, ஃபேன் நின்றுபோவது, இன்வெர்ட்டர் கோளாறு, எது வந்தாலும் சில மில்லி வினாடிக்குள் லோடை ஈ.பி.க்குத் தள்ளிவிடும். ரத்தம் பரிசோதிக்கும் அனலைசர் கண் சிமிட்டாது. ஆக, உங்கள் சர்வீஸ்காரர் செல்லில் செய்து தருகிறேன் என்பதை யு.பி.எஸ் ஏற்கெனவே தானாகச் செய்துகொண்டிருக்கிறது. எந்த மனிதனின் விரலும் அந்த வேகத்துக்கு வராது.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பைபாஸுக்குப் போனபின் லைட் எரியும், கம்ப்யூட்டர் ஓடும், ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும். எதுவும் கெட்டுப்போனதுபோல் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் யு.பி.எஸ் கிடையாது. ஈ.பி.யில் வருவது அப்படியே மெஷினுக்குப் போகிறது. இன்வெர்ட்டர் கோளாறால் பைபாஸுக்கு வந்திருந்தால், பேட்டரி நிறைந்து கிடந்தாலும் கரண்ட் போன உடனே எல்லாம் அணைந்துவிடும்.

பேட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். யு.பி.எஸ்ஸின் பீப் ஓட்டை மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி இரண்டு அடுக்கு ஒட்டியிருந்தது. பைபாஸ் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கேட்டால், "லைட் எரியுது, கம்ப்யூட்டர் ஓடுது, அது என்னத்துக்குக் கத்துதுன்னே தெரியல சார், அதான் ஒட்டிட்டோம்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது. பைபாஸ் என்பதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் ஊர் ஈ.பி.யில் இப்படி நேராக நிற்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு மட்டை விழுந்து லைன் உரசும், சில சமயம் நியூட்ரல் கம்பி அறுந்துபோகும். நியூட்ரல் போனால் லோடு குறைந்த ஃபேஸில் 230 இருந்த இடத்தில் 350, 400 வோல்ட்கூட ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் இடி. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி, லைன் கடைசியில் இருக்கும் இடங்களில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். யு.பி.எஸ் ஒழுங்காக ஓடினால், வோல்டேஜ் எல்லை மீறியதும் ஈ.பி.யை விட்டுவிட்டு பேட்டரிக்குப் போய்விடும். பைபாஸில் நிற்கும்போது நடுவில் தடுக்க ஆளில்லை. செட்டிங்கில் பைபாஸ் வோல்டேஜ் எல்லை என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் பைபாஸையும் மூடிவிடும். ஆனால் "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று புகார் வரக் கூடாது என்பதற்காக அந்த எல்லையை முடிந்த மட்டும் அகலமாகத் திறந்துவைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உங்களுடையது எத்தனையில் இருக்கிறது என்று கேளுங்கள். 230க்கு மேலும் கீழும் 10 சதவீதம் என்றால் 207 முதல் 253 வரை. லேப் மெஷின்களுக்கு நான் அதற்கு மேல் திறக்க மாட்டேன்.

எனவே தூரத்திலிருந்து பார்க்கும் ஏற்பாடு எதைச் சொல்ல வேண்டும்? "கரண்ட் போய்விட்டது" என்பதை மெசேஜ் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, கிளையில் இருக்கும் பிள்ளைகளே போன் போட்டுவிடுவார்கள். யாரும் போன் போட்டுச் சொல்லாத விஷயம் பைபாஸ். காசு கொடுப்பது அதைத் தெரிந்துகொள்வதற்காக.

கிளையில் இருக்கும் 3 கே.வி.ஏ.யின் பின்பக்கம் ஆர்.எஸ்-232 என்று ஒன்பது முள் போர்ட் இருக்கும், புதிதாக இருந்தால் யு.எஸ்.பி. இங்கே விற்கும் பல பிராண்டுகள் உள்ளுக்குள் மெகாடெக் என்ற ஒரே பாஷைதான் பேசுகின்றன. 2400 பாட் வேகத்தில் 'க்யூ1' என்று அனுப்பினால் ஒரு வரி திரும்பி வரும். இப்படி இருக்கும்:

(207.3 207.3 206.8 052 49.9 2.27 36.5 00100000

முதல் எண் ஈ.பி. வோல்டேஜ். இரண்டாவதை விட்டுவிடலாம். மூன்றாவது, யு.பி.எஸ் வெளியே கொடுப்பது. 052 என்பது லோடு 52 சதவீதம். பிறகு ஃப்ரீக்வென்சி, பேட்டரியின் ஒரு செல்லுக்கு எத்தனை வோல்ட், உள்சூடு. கடைசியில் இருக்கும் எட்டுப் பூச்சியம், ஒன்றுகள்தான் முக்கியம். இடமிருந்து முதலாவது ஈ.பி. இல்லை, இரண்டாவது பேட்டரி தீரப்போகிறது, மூன்றாவது பைபாஸ், நான்காவது யு.பி.எஸ் கோளாறு, எட்டாவது பீப் சத்தம். மேலே இருப்பதைப் பாருங்கள்: மூன்றாவது 1, எட்டாவது 0. பைபாஸில் நிற்கிறது, கத்தவும் இல்லை. பிளாஸ்திரிக்கு வேலையே இல்லாமல் யாரோ பட்டனை அமுக்கி வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்த எட்டு இலக்கத்தைப் பார்க்காவிட்டாலும் இன்னொரு வழியில் கண்டுபிடிக்கலாம், எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். உள்ளே 207.3, வெளியே 206.8. இன்வெர்ட்டர் ஓடினால் ஈ.பி. 190 ஆனாலும் 250 ஆனாலும் வெளியே 230தான் நிற்கும், ஒன்றிரண்டு வோல்ட் முன்னே பின்னே. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், நல்ல நாளில் ஒரு கோடு மேலும் கீழும் அலையும், மற்றது பலகை போட்டதுபோல் நேராகப் போகும். இரண்டு கோடும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அலைந்தால் அது பைபாஸ். எந்த கம்பெனி யு.பி.எஸ்ஸாக இருந்தாலும், கார்டு தப்பாகச் சொன்னாலும், இந்தக் கணக்கு பொய் சொல்லாது. லைன் இன்டராக்டிவ் வகையில் மட்டும் இது செல்லாது. அது சாதாரணமாகவே ஈ.பி.யை அப்படியே விடுவது, மூன்றாவது இலக்கத்தையும் வோல்டேஜ் ஏற்றி இறக்குவதைச் சொல்லப் பயன்படுத்தும்.

10 கே.வி.ஏ.க்கு அவர் சொல்லும் நெட்வொர்க் கார்டு, அதாவது எஸ்.என்.எம்.பி (யு.பி.எஸ்ஸின் நிலையை நெட் வழியாகக் கேட்டறியும் முறை) கார்டு, சரியான சாமான். யு.பி.எஸ்களுக்கென்று 1994இல் வந்த ஆர்.எஃப்.சி 1628 என்ற பொது ஏற்பாடு ஒன்று உண்டு. கார்டு அதைப் பின்பற்றுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்போதுதான் அந்தக் கம்பெனியின் ஆப்பை நம்பி இருக்க வேண்டாம், நட் போன்ற இலவச மென்பொருளிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதில் 1.3.6.1.2.1.33.1.4.1.0 என்ற எண்ணைக் கேட்டால் லோடு இப்போது எதில் ஓடுகிறது என்று பதில் வரும்: 3 என்றால் சரியாக இருக்கிறது, 4 பைபாஸ், 5 பேட்டரி. 4 வந்தால் உங்கள் செல்லுக்கு மணி அடிக்க வேண்டும், அது ராத்திரி 2 மணியானாலும். இந்த எண்ணுக்கு வரும் மற்ற பதில்களைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மணி அடிப்பது பற்றி ஒன்று. கார்டோடு வரும் எல்லா அலாரத்தையும் ஆன் செய்துவைத்தால் ஒரு மாதத்தில் நீங்களே ம்யூட் போட்டுவிடுவீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று காலை 9 மணிக்கு ஒன்று, ஜெனரேட்டர் எடுத்ததும் ஒன்று, மதியம் கரண்ட் வந்ததும் ஒன்று என்று மெசேஜ் வந்து குவியும். நான்கே நான்குக்கு மட்டும் சத்தம் வைத்தால் போதும்: பைபாஸ், யு.பி.எஸ் கோளாறு, பேட்டரி தீரப்போகிறது, அப்புறம் தகவலே வரவில்லை என்பது.

அந்த நான்காவதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். யு.பி.எஸ் அனுப்பும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை, அனுப்பியதோடு சரி. கிளையில் ஃபைபர் மோடமும் சுவிட்சும் சாதாரண பிளக்கில் சொருகியிருந்தால், கரண்ட் போன அதே நொடியில் அவையும் அணைந்துவிடும், "கரண்ட் போய்விட்டது" என்ற செய்தி வாசல்கூடத் தாண்டாது. முதலில் அவை இரண்டையும் யு.பி.எஸ் லைனில் போடுங்கள், இது செலவே இல்லாத வேலை. அப்போதும் யு.பி.எஸ்ஸே படுத்துவிட்டால் மோடமும் கூடவே படுத்துவிடும். ஆகவே கிளை பேசும் என்று காத்திருக்காமல், பாளையங்கோட்டையில் இருக்கும் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை கிளையைக் கேட்க வேண்டும். ஐந்து முறை பதில் இல்லையென்றால் அதுவே ஒரு அலாரம்.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரைதாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது கரண்டும் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்தக் கார்டும் உதவாது. ஆனால் ஒன்று செய்யலாம்: தரைத்தளத்தில் பேட்டரி ரேக் வைத்திருந்தால் கீழ்த்தட்டைக் காலியாக விட்டு மேலே ஏற்றுங்கள். ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளைகளுக்குக் கார்டு வேண்டாம் என்பேன். 3 கே.வி.ஏ.யில் ட்ரை காண்டாக்ட் என்று ஒரு சிறு பலகை மாட்டிக்கொள்ளலாம். நான்கைந்து ரிலே, ஒன்று பைபாஸுக்கு, ஒன்று கோளாறுக்கு என்று தனித்தனி. அதிலிருந்து இரண்டு வயர் ஒரு சிம் போட்ட ஜி.எஸ்.எம் அலாரம் பெட்டிக்குப் போனால் நேராக எஸ்.எம்.எஸ் வந்துவிடும். நெட், பாஸ்வேர்ட், ஆப் ஒன்றும் தேவையில்லை. வயரிங் செய்பவரிடம், சரியாக இருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்கும்படியும் கோளாறில் திறக்கும்படியும் போடச் சொல்லுங்கள். அப்போது எலி வயரைக் கடித்தாலும் அலாரம் வரும். மாற்றிப் போட்டால், எலி கடித்த நாளிலிருந்து எல்லாம் சுகம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி செல்லிலிருந்து பைபாஸுக்கு மாற்றுவது.

தானாகப் போகவேண்டிய நேரத்தில் யு.பி.எஸ் தானே போய்விடும் என்று பார்த்தோம். அது போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்: ஈ.பி. வோல்டேஜ் எல்லைக்கு வெளியே இருக்கலாம், அல்லது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக்கல் கவர்னர் (இன்ஜின் வேகத்தைச் சீராக்கும் பாகம்) வைத்த ஜெனரேட்டர் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸில் ஓடும், லோடு ஏறினால் 50க்கு இறங்கும். அந்த ஆட்டத்தோடு இன்வெர்ட்டரால் ஒத்துப்போக முடியாமல், "பைபாஸ் இல்லை" என்று டிஸ்பிளேயில் காட்டும். அந்த நேரத்தில் வற்புறுத்தி மாற்றினால் அலைகள் ஒட்டாமல் ஒரு வெட்டு விழும், ஓடிக்கொண்டிருந்த சாம்பிளெல்லாம் போச்சு. செல்லில் பச்சைப் பட்டனைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு வள்ளியூரில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, ஈ.பி. வந்துவிட்டதா, யாராவது யு.பி.எஸ் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு உள்ளே கை விட்டிருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாது. கடைசியில் சொன்னதற்காக மட்டுமே அந்த வசதியை மூடிவைக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் மாற்ற முடிந்தால் வேறு ஆளும் மாற்ற முடியும். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் அந்நாட்டு எரிசக்தித் துறையும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை விட்டன: இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் யு.பி.எஸ்களுக்குள், பெரும்பாலும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால், ஆட்கள் நுழைகிறார்கள் என்று. நம்மூரிலும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் அபூர்வம். எஸ்.என்.எம்.பியின் பழைய பதிப்புகளில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற இரண்டு சொற்கள்தான் சாவி, அதுவும் மறைப்பில்லாமல் வயரில் போகும். கார்டு மாட்டிய அன்றே மூன்று வேலைகளை அவரையே செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மாற்றுவது. எழுதும் அனுமதியை, அதாவது தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் அனுமதியை, முழுக்க அணைப்பது. ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாமல் வி.பி.என் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் உள்ளே வருவது. "போர்ட் ஃபார்வேர்டு போட்டாத்தான் ஆப் வேலை செய்யும்" என்று சொன்னால் அந்த ஆப்பே வேண்டாம்.

அடுத்து வெளி பைபாஸ் பெட்டி. இது ஸ்டாட்டிக் பைபாஸோடு சம்பந்தமில்லாத தனிச் சாமான், கையால் திருப்புவது. யு.பி.எஸ்ஸையே கழற்றி சர்வீஸுக்கு எடுத்துப் போகும்போது லோடு ஈ.பி.யில் ஓட வேண்டும், அதற்காக. உங்களுக்குக் கொடுத்திருக்கும் விலையில் மூன்று எம்.சி.பி. (சிறு பிரேக்கர் சுவிட்ச்) போட்ட பெட்டி என்று தெரிகிறது: யு.பி.எஸ்ஸுக்கு உள்ளே போவதற்கு ஒன்று, அதிலிருந்து வெளியே வருவதற்கு ஒன்று, இரண்டையும் தாண்டி நேராகப் போவதற்கு ஒன்று. கரண்ட் வெட்டாமல் மாற்றலாம் என்பது அதன் பெருமை. ஆனால் வரிசை பிசகக் கூடாது. முதலில் யு.பி.எஸ்ஸின் பேனலில் அதை ஸ்டாட்டிக் பைபாஸுக்குக் கொண்டுபோக வேண்டும், விளக்கு மாறிவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு பைபாஸ் எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும். பிறகு வெளியே வருவதை இறக்க வேண்டும். கடைசியாக உள்ளே போவதையும் பேட்டரி பிரேக்கரையும். திரும்பி வரும்போது உள்ளே போவதை ஏற்றி, யு.பி.எஸ் ஸ்டாட்டிக் பைபாஸில் எழுந்துவிட்டதைப் பார்த்து, வெளியே வருவதை ஏற்றி, அதன்பின் பைபாஸ் எம்.சி.பி.யை இறக்கி, எல்லாம் முடிந்தபிறகே இன்வெர்ட்டரை ஆன் செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த நடு எம்.சி.பி.யை முதலில் ஏற்றிவிட்டால், ஈ.பி.யும் இன்வெர்ட்டரும் நேருக்கு நேர் மோதும். வெடிச் சத்தம் கேட்கும், இன்வெர்ட்டருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ஐ.ஜி.பி.டி போய்விடும், யு.பி.எஸ் விலையில் பெரும்பங்கு போய்விடும். நல்ல பெட்டிகளில் இதைத் தடுக்க, நடு பிரேக்கரில் ஒரு துணை காண்டாக்ட் வைத்து யு.பி.எஸ்ஸுக்கு வயர் கொடுத்திருப்பார்கள். கை வைத்த உடனே யு.பி.எஸ் தானாக ஸ்டாட்டிக் பைபாஸுக்குப் போய்விடும். அல்லது சாவி பூட்டு, ஒன்றை இறக்கிச் சாவியை எடுத்தால்தான் மற்றதைத் திறக்க முடியும். உங்கள் பட்டியலில் இரண்டும் இல்லை.

ஆகவே என் யோசனை: 1-0-2 என்று மூன்று நிலை உள்ள சாதாரண சேஞ்ச் ஓவர் சுவிட்ச், இரண்டு போல், 63 ஆம்பியர். ஒன்றில் யு.பி.எஸ், இரண்டில் ஈ.பி., நடுவில் ஒன்றுமில்லை. திருப்பும்போது கரண்ட் வெட்டும், அனலைசர் அணைந்து எழும். ஆனால் இரண்டும் எந்தக் காலத்திலும் மோதாது, திருப்புகிறவர் யாராக இருந்தாலும் சரி. ராத்திரி வேலை இல்லாத லேபுக்கு இது போதும், எட்டு மணிக்கு மேல் மெஷினை முறையாக அணைத்துவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம். டயாலிசிஸ், ஐ.சி.யு. என்று இருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன், அங்கே பூட்டு வைத்த பெட்டி கட்டாயம் வேண்டும். கிளைகளில் 3 கே.வி.ஏ.க்கு இதுவும் தேவையில்லை, பிளக்கைப் பிடுங்கி வேறு பிளக்கில் சொருகினால் முடிந்தது.

பெட்டி மாட்டும்போது நியூட்ரலையும் ஈ.பி.யையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பைபாஸுக்கு வேறு போர்டிலிருந்து லைன் இழுத்தால், போன கரண்ட் வேறு நியூட்ரல் வழியாகத் திரும்பும். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்க்கும் பிரேக்கரான ஆர்.சி.சி.பி. கணக்கு பொருந்தாமல் ட்ரிப் ஆகும், காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

10 கே.வி.ஏ.யில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, கார்டு வாங்குவதற்கு முன்பே. மூன்று ஃபேஸ் உள்ளே, ஒரு ஃபேஸ் வெளியே என்ற வகையில், சாதாரணமாக ஓடும்போது லோடு மூன்று ஃபேஸிலும் பிரிந்து நிற்கும், முழு லோடில் ஃபேஸுக்குச் சுமார் 15 ஆம்பியர். ஆனால் பைபாஸுக்குப் போனால் மொத்த லோடும் ஒரே ஃபேஸில், பெரும்பாலும் ஆர் ஃபேஸில், வந்து விழும். 10,000ஐ 230ஆல் வகுத்தால் 43 ஆம்பியருக்கு மேல். மூன்று ஃபேஸ் என்பதால் "32 ஆம்பியரே தாராளம்" என்று பிரேக்கர் போட்டிருந்தால், யு.பி.எஸ் உங்களைக் காப்பாற்ற பைபாஸுக்குப் போன சிறிது நேரத்தில் பிரேக்கர் ட்ரிப் ஆகும், லேப் முழுக்க இருட்டாகும். இப்போது லோடு பாதிதான் ஓடுகிறதென்றால் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கும். ஆர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கேபிள் தடிமனும் அதற்கேற்றபடி இருக்கிறதா என்று கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வீஸுக்கு வருகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. ஸ்டாட்டிக் பைபாஸின் தைரிஸ்டர் ஷார்ட் ஆகிக் கிடந்தால், ஈ.பி. போன நேரத்தில் பேட்டரியிலிருந்து வரும் 230 வோல்ட் பின்னோக்கி உள்ளே வரும் லைனுக்கே போகும். "ஈ.பி. போயிட்டுல்லா, தொடலாம்" என்று டெர்மினலில் கை வைத்தவர் அடி வாங்குவார். இதைத் தடுக்கும் பேக்ஃபீட் பாதுகாப்பு யு.பி.எஸ்ஸில் இருக்க வேண்டும் என்பது ஐ.இ.சி 62040-1 தரத்தின் விதி. சில மாடல்களில் அதற்கான காண்டாக்டரை வெளியே தனியாக மாட்ட வேண்டும், மாட்டாமல் விட்டிருப்பார்கள். மாட்டியிருந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொட வேண்டாம். உள்ளே டி.சி. கெப்பாசிட்டர்களும் அணைத்தபின் பல நிமிடம் சார்ஜை வைத்துக்கொண்டிருக்கும். இருபது பேட்டரி வரிசையாக இணைத்திருந்தால் அதுவே 240 வோல்ட் டி.சி., அது விடாது.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. டிஸ்பிளேயில் 100 சதவீதம் என்று காட்டுவது சார்ஜர் வோல்டேஜை வைத்துச் சொல்லும் கணக்கு. வரிசையில் ஒரே ஒரு செல் உள்ளே அறுந்திருந்தால் அந்த வரிசை முழுக்க வீண், ஆனால் கரண்ட் போகும்வரை 100 என்றே காட்டும். ஆகவே மாதம் ஒருமுறை பேட்டரி டெஸ்ட் கொடுக்க வேண்டும், லேப் ஓடாத நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. சூட்டையும் பாருங்கள். இந்த சீல் வைத்த பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் எழுதியிருப்பார்கள், அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகும். சித்திரை வெயிலில் ஷட்டர் போட்ட அறைக்குள் அவற்றை அடைத்துவைத்தால் ஐந்து வருடப் பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கார்டோடு வெப்ப சென்சார் கிடைத்தால் அதை வாங்கி யு.பி.எஸ் மேல் வைக்காமல் பேட்டரி ரேக்கில் வையுங்கள்.

செட்டிங்கில் ஈகோ மோடு என்று ஒன்று இருக்கும், யூனிட் மிச்சம் என்பார்கள். மிச்சம் உண்மைதான். 5 கிலோவாட் லோடில் 5 சதவீதம் மிச்சமானால் நாளுக்கு 6 யூனிட். ஆனால் அது யு.பி.எஸ்ஸை வேண்டுமென்றே பைபாஸில் நிறுத்திவைத்து, ஈ.பி. கெட்டால் மட்டும் இன்வெர்ட்டருக்கு வருவது. நம்மூர் லைனில் ரத்த அனலைசரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் அது ஆனில் இருந்தால் மேலே சொன்ன பைபாஸ் அலாரம் எந்நேரமும் அடிக்கும், அல்லது அடிக்காதபடி அவர்களே அணைத்துவைத்திருப்பார்கள்.

ஆக, சர்வீஸ்காரரிடம் திருப்பிச் சொல்ல வேண்டியது: பாளையங்கோட்டைக்குக் கார்டு சரி, கட்டளை அனுமதி இல்லாமல். மூன்று எம்.சி.பி. பெட்டிக்குப் பதில் சேஞ்ச் ஓவர். கிளைகளுக்கு ட்ரை காண்டாக்ட் பலகையும் ஜி.எஸ்.எம் பெட்டியும். சேஞ்ச் ஓவரை மாட்டியதும் அதன் கதவில் தமிழில் நான்கு வரி எழுதி, ஒவ்வொரு நிலையிலும் கைப்பிடி எப்படி நிற்கும் என்ற போட்டோவோடு லேமினேட் செய்து ஒட்டச் சொல்லுங்கள். கிளை யு.பி.எஸ் மேலும் ஒரு சீட்டு: மஞ்சள் விளக்கு எரிந்தால் பீப்பை அணைக்காதே, இந்த நம்பருக்குப் போன் செய். அவர் வருவதற்கு முன் இன்று சாயங்காலமே 10 கே.வி.ஏ.யின் இன்புட் பிரேக்கர் மேல் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறது, டிஸ்பிளேயில் உள்ளே வரும் வோல்டேஜும் வெளியே போகும் வோல்டேஜும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். கேபிள் மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.